பானக்காரத்தில் சாராயம் கலந்த கதை

உயரமான ஒரு கண்ணாடி கிளாஸ். அடியில் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, மேலே மஞ்சள். விளிம்பில் ஒரு அன்னாசித் துண்டு, சில சமயம் ஒரு குட்டிக் காகிதக் குடை. "ரம் பஞ்ச், வீட்டிலேயே செய்யலாம்" என்று போனில் இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற என் மச்சினன் மகன் பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழாவுக்கு வந்திருந்தப்ப இதைத்தான் காட்டினான். "மாமா, இது வெஸ்ட் இண்டீஸ் அயிட்டம்"னான்.

என்னென்ன போடுறாங்கன்னு கேட்டேன். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ஜாதிக்காய், தண்ணி இல்லேன்னா பழச்சாறு, அப்புறம் ரம்.

"ரம்மை எடுத்துட்டா இது நம்ம கோயில் பானக்காரம்தானே மாப்ள" என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் குடிப்பு வெஸ்ட் இண்டீஸுக்குப் போனது பிற்பாடு. பிறந்தது நம்ம பக்கத்துக் கடலோரம். இடையில் அது சுற்றி வந்த வழியில் கரும்பு இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நம்ம ஆட்களும் இருக்கிறார்கள்.

முதலில் பேரைப் பாருங்கள். பஞ்ச் என்றால் அஞ்சு. பஞ்சாமிர்தம், பஞ்சாயத்து, பஞ்சபூதம் எல்லாத்திலேயும் இருக்கிற அதே பஞ்ச. சாராயம், வெல்லம், எலுமிச்சை, மசாலா, தண்ணீர் என்று அஞ்சு சாமான் சேர்வதால் அந்தப் பேர் என்று 1670-களில் இந்தியாவுக்கு வந்த ஜான் ஃப்ரையர் என்கிற இங்கிலீஷ் டாக்டரே எழுதி வைத்திருக்கிறார். பீப்பாயைக் குறிக்கிற ஒரு இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய இடம் லண்டன் இல்லை. 1632 செப்டம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதிய கடிதம் அது. கடிதம் போன ஊர் பெட்டபொலி, இன்றைய ஆந்திராவில் நிஜாம்பட்டினம் பக்கம். சோழமண்டலக் கடற்கரை என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தானே, அதன் வடக்கு ஓரம். மெட்ராஸில் கோட்டை கட்டுவதற்கே அப்போது ஏழெட்டு வருசம் பாக்கி.

வெள்ளைக்காரன் இதை ஏன் குடிக்க ஆரம்பித்தான் என்பதற்குக் காரணம் சாதாரணமானது. ஆறேழு மாசம் கப்பலில் வருகிறவனுக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த பீர் வெயிலில் புளித்துப் போகும். ஒயின் வினிகராகும். கரை இறங்கினால் இங்கே கிடைப்பது சாராயம். அதை அப்படியே விழுங்கினால் தொண்டை எரியும். பக்கத்திலேயே எலுமிச்சை இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. இங்கே எந்த வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிற சாமானைக் கொண்டே சாராயத்தின் காரத்தை அடக்கினான், அவ்வளவுதான். பிற்பாடு மெட்ராஸில் கோட்டையை ஒட்டி 'பஞ்ச் ஹவுஸ்' என்றே சொல்லப்பட்ட குடிக்கடைகள் வந்தன. ஔரங்கசீப் காலத்தில் டெல்லியில் இருந்த பெர்னியே என்கிற பிரெஞ்சு மருத்துவரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கருப்புச் சர்க்கரையிலிருந்து இறக்கின சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். ருசி பரவாயில்லை, உடம்புக்குத்தான் கேடு என்பது அவர் தீர்ப்பு. 350 வருசம் ஆச்சு, டாக்டர்கள் சொல்வது மாறவில்லை.

அந்தக் காலத்துச் சாராயம் எது என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வகை. ஒன்று, பனங்கள்ளையோ தென்னங்கள்ளையோ காய்ச்சி இறக்குவது. இன்னொன்று, வெல்லத்தைக் கரைத்து வெள்வேல மரத்துப் பட்டையைப் போட்டு ஊறவைத்து இறக்குவது. பட்டைச் சாராயம் என்று பேர் வந்தது அந்தப் பட்டையால்தான். எங்கள் புஞ்சைக் காட்டில் வெள்வேலம் இன்னமும் நிற்கிறது. ஆட்டுக்கு நெற்றுப் போடும், கலப்பைக்குக் கட்டை தரும். கருவேலத்தையும் வெள்வேலத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைந்து போனார்கள்.

இப்ப பானக்காரத்துக்கு வருகிறேன். பட்டணத்தில் ராமநவமிக்குப் பெருமாள் கோயிலில் கொடுப்பதைப் பானகம் என்பீர்கள். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். எண்ணிப் பாருங்கள், அதுவும் அஞ்சு. எங்கள் பக்கம் பானக்காரம் என்போம். எலுமிச்சை வாங்கக் காசு ஏது, புளியைக் கரைத்துத்தான் போடுவார்கள். வெள்ளை வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி. அம்மன் கோயிலுக்குக் காவடி எடுத்து வெயிலில் நடந்து வருகிற சனத்துக்கு வழி நெடுக அண்டாவில் கரைத்து வைத்திருப்பார்கள். எங்க அப்பத்தா ஒரு கல்லு உப்பும் போடும். "வேர்வையில போன உப்ப எவன் திருப்பித் தருவான்" என்று கேட்கும். அதுக்கு எழுத்துத் தெரியாது. இன்னிக்கு ஆஸ்பத்திரியில் பாக்கெட்டில் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் அதே கணக்குத்தான்.

பானகம் என்ற பேர் பழைய ஆயுர்வேத நூல்களிலேயே இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, மசாலா, தண்ணீர் என்கிற கட்டுமானம் இந்த நாட்டில் கம்பெனிக்காரன் வருவதற்கு முன்னால் எத்தனையோ காலமாக இருந்தது. அதில் சுக்குக்குப் பதில் ஜாதிக்காயைத் துருவி, ஒரு பங்கு சாராயத்தை ஊற்றினால் பஞ்ச். இது என் கணக்கு, ஏட்டில் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்த எவனும் மறுக்க மாட்டான்.

சாராயம் ரம்மாக மாறினது எப்படி? அங்கேதான் கரும்பு வருகிறது.

கரும்பு நம்ம மண்ணில் தானாக முளைத்ததில்லை. அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இங்கே கொண்டு வந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று சொல்கிறது. எங்கிருந்தோ வந்த பயிரைச் சர்க்கரையாகக் காய்ச்சி உறைய வைக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தது இந்தியா. சர்க்கரை என்கிற நம் சொல்லும் அவர்களுடைய 'சுகர்' என்கிற சொல்லும் ஒரே வேர். அந்தக் கரும்பு அரபு நாடு வழியாக மேற்கே போய், 1493-இல் கொலம்பஸ் இரண்டாவது தடவை கப்பல் ஏறினபோது அவரோடு கரீபியன் தீவுகளுக்குப் போனது. காட்டை அழித்துக் கரும்பு போட்டார்கள். வெட்ட ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கொண்டு வந்தார்கள்.

சர்க்கரை காய்ச்சினால் மிஞ்சுவது மொலாசஸ் என்கிற கழிவுப்பாகு. கருப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். மாட்டுக்குத் தீவனத்தில் தெளிப்போமே, அதே. பார்படோஸ் தீவில் 1640, 50-களில் இந்தக் கழிவுப்பாகைப் புளிக்க வைத்துக் காய்ச்சி இறக்கினது ரம். தூக்கிக் கொட்ட வேண்டிய சாமானிலிருந்து காசு. தோட்டக்காரனுக்குச் சர்க்கரையில் ஒரு லாபம், ரம்மில் இன்னொரு லாபம்.

கம்பெனிக் கப்பல்காரர்கள் இங்கிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன பஞ்ச், அங்கே பெரிய மனிதர்களின் குடிப்பாகி, பிறகு மேற்குத் தீவுகளுக்குப் போனது. அங்கே நம்ம சாராயம் கிடைக்காது, ரம் கிடைக்கும். அதை ஊற்றினார்கள். புளிப்பு 1, இனிப்பு 2, ரம் 3, தண்ணீர் 4 என்று அங்கே ஒரு அளவே உண்டு. ரம் பஞ்ச் பிறந்தது இப்படித்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

பிரிட்டிஷ்காரன் 1834-இல் தன் தீவுகளில் அடிமை முறையை நிறுத்தினான். பிரெஞ்சுக்காரன் 1848-இல் நிறுத்தினான். விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் கரும்புக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. யார் விரும்புவார்கள்? ஆனால் கரும்பு நிற்கிறது, வெட்டியாக வேண்டும். கரும்பு விவசாயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முற்றின கரும்பு ஆளுக்காகக் காத்திருக்காது. காய்ந்து எடை போகும், பூ வைத்தால் சத்துப் போகும். அப்போது அவர்கள் திரும்பிப் பார்த்தது நம்ம ஊர்ப் பக்கம். அஞ்சு வருச ஒப்பந்தம், கைநாட்டு, கப்பல்.

மொரீஷியஸுக்கு 1834-லிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். கல்கத்தா வழியாகப் போனவர்கள் அதிகம், மெட்ராஸ் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் கணிசம். அவர்கள் இறங்கின போர்ட் லூயி படிக்கட்டு இன்றைக்கும் இருக்கிறது, ஆப்ரவாசி காட் என்று பேர், 2006-இல் யுனெஸ்கோ அதை உலகச் சொத்தாக அறிவித்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சுத் தீவுகளுக்கு. 1853 மே 6-ஆம் தேதி 'ஒரேலி' என்கிற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதே பேர்க் கப்பல் அடுத்த வருசம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குவாதலூப் தீவில் இறக்கியது. பிறகு முப்பது முப்பத்தைந்து வருசத்துக்குள் மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேல். பெரும்பாலும் நம்ம தமிழ்ச் சனம். காவிரி, கொள்ளிடக் கரையிலே மழை பொய்த்தால் கூலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

படத்தில் பார்க்கிற அந்தக் கலர் கிளாஸில் ஊற்றுகிற ரம்முக்குக் கரும்பு வெட்டினது அந்தக் கைகள்.

மார்த்தினிக்கில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு குடிக்கிறது 'தி பஞ்ச்' என்கிற குட்டிப் பஞ்ச். ரம், எலுமிச்சை ஒரு கீற்று, கரும்புப் பாகு. அவ்வளவே. பழச்சாறெல்லாம் ஊற்றிக் கலர் பண்ணினால் அது 'பிளாந்தர்', அதாவது தோட்ட முதலாளி. பேரைக் கவனித்தீர்களா? கூலிக்காரன் பேரில் ஒரு குடிப்பும் இல்லை.

ஆனால் வேறு சில இடத்தில் நம்ம பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தீவுகளில் கறிக்கு அரைக்கிற மசாலாவுக்குப் பேர் 'கொலொம்போ'. குழம்புதான் அப்படி ஆச்சு என்று சொல்கிறார்கள், கொழும்பு ஊர்ப் பேர் என்பவர்களும் இருக்கிறார்கள். மாரியம்மன் அங்கே மாலியெமன். மதுரைவீரன் அங்கே மால்தெவிலான். பேச்சு மறந்து போச்சு, சாமி மறக்கவில்லை. நம்ம ஊர் எல்லையில் வீரனுக்குச் சாராயமும் சுருட்டும் வைப்போம். அங்கே சாராயத்துக்கு எங்கே போவது? ரம் வைக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு வயலில் எனக்கு வேலை ஓடவில்லை. ஏழு கடல் தாண்டிப் போய், திரும்பி வர வழியில்லாமல், தான் வெட்டின கரும்பில் இறக்கின ரம்மைத் தன் குலசாமிக்குப் படைத்த அந்த முதல் ஆள் என்ன நினைத்திருப்பான்?

எங்க குளத்தூர்ப் பக்கம் வேறு மாதிரி. புதுக்கோட்டைச் சீமை ஆட்கள் கண்டிச்சீமைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும்தான் அதிகம் போனது. ஊருக்கு ஒரு 'மலேயாக்காரர் வீடு' இன்னமும் உண்டு. அங்கே எஸ்டேட்டுக்குள்ளேயே கள்ளுக்கடை. கூலியை வலது கையால் கொடுத்து, சாயங்காலம் இடது கையால் வாங்கிக்கொள்வது. சும்மா குடிகாரக் கூட்டம் என்று நம்ம ஆளை எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் 1941-இல் கிள்ளான் பக்கம் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, எஸ்டேட்டில் உள்ள கள்ளுக்கடைகளை மூடு என்பது. சம்பளத்தை ஏற்று என்று கேட்டதோடு இதையும் கேட்டார்கள். ராணுவத்தை இறக்கிச் சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இது வரவில்லை.

குடையும் அன்னாசியும் எப்போது வந்தது என்று மாப்பிள்ளை கேட்டான். அது அமெரிக்காக்காரன் வேலை. 1920-லிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது முடிந்த கையோடு ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோம்பர்' என்று ஒரு கடை திறந்தது, மூங்கிலும் ஓலையும் வைத்துத் தீவு மாதிரி ஜோடித்து. 1944-இல் ஓக்லாந்து ஊரில் 'டிரேடர் விக்' என்பவர் 'மை தை' என்று ஒன்றைக் கலக்கினார். ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு. சிவப்புக்கு ஊற்றும் கிரெனடின் என்பது மாதுளைப் பாகு, இப்போது கடையில் விற்கிற பாட்டிலில் பெரும்பாலும் மாதுளை கிடையாது, சாயமும் சர்க்கரையும்தான். அடுக்கடுக்காகக் கலர் நிற்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. சர்க்கரை கூடின பாகு கனம், அடியில் போகும். கனம் குறைந்தது மேலே நிற்கும். உப்புத் தண்ணியில் விதை நெல்லைப் போட்டால் நல்லது முங்கும், பதர் மிதக்கும், அதே கணக்கு.

அமெரிக்காக்காரன் மதுவிலக்கை முடித்த நாலாவது வருசம் நம்ம ஊரில் ஆரம்பித்தது. 1937 அக்டோபர் 1, சேலம் ஜில்லா, ராஜாஜி. அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் கொண்டு வந்ததுதான் விற்பனை வரி. மதுவிலக்கு வந்து வந்து போனது, வரி மட்டும் போகவே இல்லை. அப்போது குளத்தூர் புதுக்கோட்டை சமஸ்தானம். சமஸ்தானத்துக்கு மூன்றே தாலுகா, ஆலங்குடி, திருமயம், குளத்தூர். வெள்ளைக்கார ஜில்லாவில் கடை மூடினால் இங்கே மூட வேண்டும் என்று இல்லை. தொண்டைமான் மன்னர் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தது 1948 மார்ச் 3. அதே வருசம் அக்டோபர் 2-இல் ஓமந்தூரார் மாகாணம் முழுக்க மதுவிலக்கைக் கொண்டு வந்தார். ஆக எங்க ஊர்க்காரர்கள் ஏழு மாசத்துக்குள் ராஜாவையும் இழந்தார்கள், கள்ளுக்கடையையும் இழந்தார்கள். எது அதிகம் வருத்தம் தந்தது என்று எங்க அய்யா கடைசி வரை சொல்லவில்லை.

1971-இல் கடை திறந்தது. திறக்க வேண்டாம் என்று தொண்ணூறு வயசைத் தாண்டின ராஜாஜி கொட்டும் மழையில் கலைஞர் வீட்டுக்கே போய்க் கேட்டதாகச் சொல்வார்கள். ரெண்டு மூணு வருசத்தில் மூடினார்கள். 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-இல் டாஸ்மாக் வந்தது, அப்போது மொத்த வியாபாரம் மட்டும். 1987 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து கள்ளும் சாராயமும் கூடாது. நடுவில் மலிவு விலை மது வந்தது, போனது. 2003-இல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. இப்போது வருசத்துக்கு அரசாங்கத்துக்கு வரும்படி 45,000 கோடியைத் தாண்டுகிறது.

நான் விவரம் தெரிந்து பார்த்தது 1981-லிருந்து 86 வரைக்கும். எங்க கண்மாய்க் கரையில் அப்போது எண்ணினால் எண்பது பனைக்கு மேல் நிற்கும். தை பிறந்தால் பனையேறுகிறவர் குடும்பத்தோடு வந்து ஓலைக் கொட்டகை போடுவார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. காலையில் எங்களுக்குப் பட்டையில் பதநீர், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி, சாயங்காலம் பெரியவர்களுக்குக் கள். கள்ளு குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவனும் இருந்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். 87-க்குப் பிறகு சட்டம் பதநீரைத் தடுக்கவில்லை, ஆனால் பதநீர் மட்டும் இறக்கினால் அவருக்குக் கட்டவில்லை. போலீஸ் வந்து எல்லாக் கலயத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். அவர் வருவது நின்றது. ஏறாத மரத்தை யாரும் மரமாகப் பார்க்க மாட்டார்கள். செங்கல் சூளைக்கு விலை பேசினார்கள். இப்போது நிற்பது பதினொன்று. 2021-லிருந்து பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், நல்லதுதான், மரம் இருந்த காலத்தில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

என்னோடு பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருத்தன். கபடியில் அவனைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். கள்ளுக்கடை இருந்த காலத்தில் அவன் அந்தப் பக்கமே போனதில்லை. கடலைக்காட்டில் ரெண்டு வருசம் தொடர்ந்து மழை ஏமாற்றின பிறகு சாயங்காலம் ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பித்தான். ரம்தான், விலை குறைவு. பானக்காரமும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் பாக்கெட்டை ஊற்றி ஒரே மடக்கு. மஞ்சக்காமாலை என்றார்கள், வயிறு ஊதிப் போனது. 43 வயசு. அவன் சம்சாரம் நூறு நாள் வேலைக்குப் போய், நாலு ஆடு வைத்து, பொண்ணை நர்சிங் படிக்க வைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது டிவியில் பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னது: "அவுகளுக்குப் பேப்பர்ல பேர் வருது. என் வீட்டுக்காரர் கவர்மெண்டு பாட்டில்ல செத்தாரு, அதனால கணக்குல வரல."

இதனால்தான் கள்ளுக்கடையைத் திற என்று கொடி பிடிக்கிறவர்களோடும் நான் முழுசாகச் சேர முடியவில்லை, மூடு என்பவர்களோடும் சேர முடியவில்லை. கேரளாவில் கள் விற்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் பனங்கள் விற்கிறார்கள், அங்கே பனையும் நிற்கிறது, ஏறுகிற ஆளும் இருக்கிறார். இங்கே ஊர்ப் பனையில் இறக்கினால் குற்றம், ஆலையில் மொலாசஸில் இறக்கினால் வருமானம். பார்படோஸ் தோட்டக்காரன் போட்ட கணக்கு இன்னும் ஓடுகிறது, கழிவுப்பாகும் காசாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே மெட்ராஸில் வியாபாரம் பண்ணின பாரி கம்பெனி 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈ.ஐ.டி. பாரி என்கிறோமே, அந்த மூன்று எழுத்துக்கு விரிவு ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ். சர்க்கரை மூட்டையில் பேர் இருந்தாலும் பேருக்குள் இருப்பது சாராய வடிப்பு.

சரி, மாப்பிள்ளைக்கு அன்றைக்கு நான் கலந்து கொடுத்ததைச் சொல்கிறேன். நாலு பேருக்கு. கலர் அவன் காட்டின படத்துக்குக் குறையாது.

ரெண்டு மாதுளையை உதிர்த்துப் பிழிந்து, சாறில் பாதி அளவு சர்க்கரை போட்டு, தட்டின சுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் ரெண்டு சேர்த்து, கையில் ஒட்டும் பதத்துக்குச் சுண்ட வைத்து ஆறவிடுங்கள். கருப்பட்டி போட்டால் ருசி கூடும், ஆனால் நிறம் கறுத்துவிடும், அதனால் இதற்கு மட்டும் சர்க்கரை. நாலு கமலா ஆரஞ்சுச் சாறும் ரெண்டு நாட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து, ஒரு கல்லு உப்பு போட்டுத் தனியாக வையுங்கள், இதில் இனிப்பு வேண்டாம். வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ பத்துப் பதினஞ்சு பறித்து, கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வடிகட்டி ஆற வையுங்கள். மை மாதிரி நீலம் இறங்கும்.

கண்ணாடி கிளாஸில் முதலில் மாதுளைப் பாகு ரெண்டு விரல் உயரம். மேலே ஐஸ், ஐஸ் இல்லாவிட்டால் நுங்கைத் தோல் உரித்துத் துண்டு போடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். பிறகு ஆரஞ்சுச் சாறைக் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகு மேல் மெதுவாக விடுங்கள், வேகமாக ஊற்றினால் கலங்கிவிடும். கடைசியில் அதே மாதிரி சங்குப்பூத் தண்ணீர். எலுமிச்சை படுகிற இடத்தில் நீலம் கத்தரிப்பூ நிறமாகத் திரும்பும், பிள்ளைகள் அதைப் பார்க்கவே ரெண்டாவது கிளாஸ் கேட்பார்கள். பூவை வெந்நீரில் போடுவதற்கு முன் அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புல் வாடை அடிக்கும்.